லைன் வண்டிப் பசி

ஓடுகிற வண்டியில் ஒற்றைக் கையால் தின்ன முடிகிற எல்லாவற்றையும் தின்று பார்த்திருக்கிறேன். சிப்ஸ், கிரீம் பிஸ்கட், சோளக் குழல், கப் கேக், சாக்லேட் தடவிய வேஃபர். சோற்றை மட்டும் அப்படித் தின்ன முடியாது. சோற்றுக்கு உட்கார வேண்டும். எனக்கு உட்காருவது வராது.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்பா இறந்த வருடம் அது. அதற்குப் பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, பாலக்காட்டில் பரோட்டாக் கடை, அப்புறம் போர்வெல் லாரியில் ஆந்திரா, கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று சுற்றினேன். லாரிக்கு அடியில் படுத்துத் தூங்குவோம். மழை வந்தால் எழுந்து உட்கார்ந்திருப்போம். போர்வெல்லில் குழி முடிந்தால்தான் சாப்பாடு. பாறை கெட்டியாக இருந்தால் சாப்பாடும் தள்ளிப்போகும். அந்தப் பசியை எனக்கு நன்றாகத் தெரியும். வயிற்றில் ஒரே இடத்தில் நின்று கத்தும். சோறு உள்ளே விழுந்ததும் வாயை மூடிக்கொள்ளும். அதற்கு ஒரு முடிவு இருந்தது.

முடிவில்லாத பசியைப் பார்த்தது சொந்த மாவட்டத்துக்குத் திரும்பி வந்து லைன் வண்டியில் ஏறிய பிறகுதான்.

அறந்தாங்கியில் ஒரு ஏஜென்சி. சின்னச் சரக்கு வண்டியில் சிப்ஸ் சரங்கள், பிஸ்கட் பெட்டிகள், நூடுல்ஸ், குளிர்பானம் எல்லாவற்றையும் காலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், பெட்டிக்கடை பெட்டிக்கடையாக நிறுத்திப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு நாள் ஆவுடையார்கோவில், ஒரு நாள் மீமிசல், ஒரு நாள் ஆலங்குடி. ஓட்டுவதற்கு ஒரு டிரைவர் இருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், மூங்கில் மாதிரி ஒல்லி. நாங்கள் ஒருவரையொருவர் பங்காளி என்றே கூப்பிட்டுக்கொள்வோம். நான் இறங்கிக் கடைக்குள் போய்ப் பழைய சரத்தைக் கழற்றிப் புதியதை ஆணியில் மாட்டிவிட்டு வருவேன். நின்று பேச நேரமிருக்காது. அந்த வேலை எனக்குப் பிடித்ததே அதனால்தான். எந்த ஊரிலும் கால் தரையில் பதிவதற்குள் கிளம்பிவிடலாம்.

மத்தியானத்தில் கடைகளில் கூட்டம் இருக்காது. கடைக்காரர் நின்று சரக்கு எடுப்பார். அதனால் லைன் வண்டிக்காரர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்துவதில்லை. அதற்குப் பதிலாக எங்களுக்கு டேமேஜ் பெட்டி இருந்தது. ஏற்றி இறக்குவதில் நசுங்கியது, காற்றுப் போனது, ஓரம் பிரிந்தது என்று கடைக்காரர்கள் திருப்பித் தருகிற பாக்கெட்டுகள் அதில் விழும். எலி கடித்ததை மட்டும் எறிந்துவிடுவோம். மற்றதெல்லாம் வண்டியில் போகிறவர்களுக்கு. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை, யாரும் ஏனென்று கேட்டதுமில்லை. பெட்டி இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும். கை தானாகப் போகும்.

சில நாள் பெட்டியில் பங்காளிக்குப் பிடித்தது எதுவும் இருக்காது. ஒரு கேக் பாக்கெட்டை எடுத்து முழங்கைக்கு அடியில் வைத்து மெல்ல அழுத்துவார்.

"ஐயய்யோ, இதுவும் நசுங்கிப் போச்சு பங்காளி. என்ன பேக்கிங் பண்ணுறானுகளோ."

"ஒங்க முழங்கைய கம்பெனிக்கு அனுப்பி வைக்கணும். அவுக டெஸ்ட் பண்ணிக்கட்டும்."

"மொதல்ல தின்னுட்டு அனுப்பு."

அப்படித்தான் தின்றோம். ஒரு சிப்ஸ் பாக்கெட் மீமிசல் கடற்கரை தெரிவதற்குள் காலியாகிவிடும். காலியான பிறகு விரல்கள் பாக்கெட்டின் மூலையைத் துழாவிக்கொண்டிருக்கும். வயிறு உப்பியிருக்கும், வாய் மட்டும் காலியாக இருக்கும். அடுத்த பாக்கெட்டைப் பிரிப்பேன். சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்ததும் தட்டு நிறையச் சோறு, மறுசோறு. அதற்கு மேலும் அடுப்படியில் டப்பாக்களைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பேன். பிறகு தெருவில் இறங்கி பஸ் ஸ்டாண்டு வரை ஒரு நடை. ஏன் நடக்கிறேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. கால் நிற்கவில்லை, நாக்கும் நிற்கவில்லை. எது எதை இழுக்கிறது என்று புரியவில்லை.

அக்கா வீட்டில்தான் அப்போது தங்கியிருந்தேன். அத்தான் வளைகுடாவில் வேலை பார்த்தார். அவர் கம்பெனியில் சரக்கு வண்டி ஓட்ட ஓர் ஆள் வேண்டும் என்று ஒரு நாள் வீடியோ காலில் சொன்னார். "மாப்ள, ஒனக்குத்தான் லைசென்ஸு இருக்குல்ல. மெடிக்கல் மட்டும் முடிச்சிரு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. சம்பளம் பெரிதுதான், ஆனால் அதற்காக மட்டும் இல்லை. இந்த மாவட்டத்தில் நான் போகாத சாலை எதுவும் மிச்சமில்லை. வடக்கே பல மாநிலங்களைப் பார்த்துவிட்டேன். கடலை மட்டும் தாண்டியதில்லை. மீமிசலில் கடைக்குச் சரக்குப் போடும்போதெல்லாம் மீன் இறக்குகிற இடத்தைத் தாண்டித் தெரிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பங்காளி ஹாரன் அடிப்பார்.

மெடிக்கல் திருச்சியில். ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் நேரே திருச்சிக்குப் போவதில்லை. முதலில் அறந்தாங்கியில் ஒரு லேபில் சத்தமில்லாமல் ரத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். திருச்சியில் போய் அன்ஃபிட் என்று கம்ப்யூட்டரில் விழுந்துவிட்டால் மறுபடி எழுந்திருப்பது கஷ்டம். நானும் போய் வெறும் வயிற்றில் கையை நீட்டினேன். லேபில் இருந்த அம்மா ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சுகர் இருக்குங்க. ரொம்பப் போயிறல. கொறச்சுக்கிட்டு அப்புறமா திருச்சிக்குப் போங்க. இப்படியே போனீங்கன்னா தள்ளிருவாங்க."

எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் நின்றது.

"இன்னைக்கோட ஒனக்கு இந்த வீட்டுல சோறு கெடையாது."

"அக்கா, பசிக்குமே."

"பசிச்சா வேற திங்கலாம். சுகரு சோத்துலதான இருக்கு. ஊரே சொல்லுது."

ஊரே சொல்லத்தான் செய்தது. அக்கா மறுநாளே கடைத்தெருவுக்குப் போய்ப் பை நிறைய வாங்கி வந்தது. மசாலா கலந்த ஓட்ஸ் பாக்கெட், கோதுமை பிரெட், ரஸ்க், சர்க்கரை இல்லாதது என்று அட்டையில் போட்ட பிஸ்கட், பாலில் கலக்குகிற மால்ட் பவுடர். எங்களுக்கு அதில் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. காய்ச்சல் வந்தால் பிரெட்தான் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போனால் பிஸ்கட்டும் மால்ட் பவுடரும்தான் வாங்கிப் போகிறோம். உடம்புக்கு முடியாதவன் தின்பது பாக்கெட்டில்தான் வரும். சோறு, உடம்பு நன்றாக இருக்கிறவன் தின்பது. நான் இப்போது உடம்புக்கு முடியாதவன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அத்தானும் வீடியோவில் அதையெல்லாம் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "இங்கயும் இதுதான் மாப்ள. எல்லாம் டயட்டு."

லைனில் போகிற கடையிலெல்லாம் சோற்றை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கடைக்கார அக்கா என் முகத்தைப் பார்த்து, "அதான பாத்தேன், ஆளே எளச்சு நல்லாயிட்டீக" என்றது. நான் இளைக்கவே இல்லை. வேட்டி மடிப்பில் அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

பசி இன்னும் மோசமானது. ஓட்ஸைக் குடித்துக் கிண்ணத்தைக் கழுவி வைப்பதற்குள் மறுபடி எதையாவது தின்ன வேண்டும்போல் இருக்கும். பிஸ்கட்டில் ஒன்று என்று எடுத்தால் பாக்கெட் முடிந்துவிடும். சோறு தின்னவில்லை என்ற தைரியத்தில் டேமேஜ் பெட்டியில் கை இன்னும் ஆழமாகப் போனது. பங்காளி பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நோன்பு இருக்குற ஆளா இது? எனக்கு ஒன்னு விட்டு வைய்யி பங்காளி."

"சோறு திங்காத வயிறு. அப்படித்தான் இருக்கும்."

"அப்ப எனக்கும் சோத்த நிறுத்தச் சொல்லு. இப்படித் திங்க எனக்கும் ஆசதான்."

விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும். எழுந்து நடப்பேன். டீக்கடை திறக்கிற நேரம் தெரியும், முதல் பஸ் எந்தப் பக்கம் போகும் என்று தெரியும். ஏறிவிடலாமா என்று தோன்றும். கையில் ரஸ்க் இருக்கும்.

மறுபடி லேபுக்குப் போனபோது சுகர் கூடியிருந்தது. அந்த அம்மா இரண்டாம் தடவை பார்த்துவிட்டு, "என்னதான் சாப்புடுறீங்க?" என்றார்.

"சோறே தொடுறதில்லைங்க."

"எங்கிட்ட சொல்லாதீங்க. ஆஸ்பத்திரியில போயி டாக்டர்ட்ட சொல்லுங்க."

அரசு ஆஸ்பத்திரியில் சுகருக்கென்று ஒரு வரிசை. எனக்கு முன்னால் வயதானவர்கள். நின்றுகொண்டே இருந்தது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு சின்ன வயது டாக்டரம்மா.

"நேத்து காலையில இருந்து வாயில போட்டதெல்லாம் ஒன்னு விடாமச் சொல்லுங்க."

"மசாலா ஓட்ஸுங்க. மால்ட் போட்டு ஒரு டம்ளர் பாலு."

"அப்புறம்?"

"வண்டியில போகையில பிஸ்கட்டு. சர்க்கரை இல்லாதது."

"எத்தன?"

"ஒன்னு எடுக்கலாம்னுதான் பிரிச்சேன். முடிஞ்சு போச்சு."

"மத்தியானம்?"

"பிரெட்டுங்க. கோதும பிரெட்டு. சாயங்காலம் டேமேஜுங்க."

"டேமேஜா?"

டேமேஜ் பெட்டி என்றால் என்ன என்று விளக்கிச் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சோத்த விட்டுட்டு ஒரு கடையவே தின்னுருக்கீங்க" என்றார்.

பிறகு பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார். எனக்கு விளங்கியவரை எழுதுகிறேன். பாக்கெட்டில் வருகிற பண்டம் வாய்க்கு வேலை வைப்பதில்லை. மாவை நைசாக அரைத்து, நாரை எடுத்துவிட்டு, நாக்கில் பட்டதும் கரைகிற மாதிரி செய்திருக்கும். வயிறு நிறைந்ததென்று தலைக்குச் செய்தி போய்ச் சேரச் சற்று நேரமாகும். அதற்குள் நாம் அடுத்த பாக்கெட்டில் இருப்போம். தின்ற மாவு ரத்தத்தில் சட்டென்று சர்க்கரையாக ஏறும். ஏறியதை இறக்க உடம்பு இன்சுலினைக் கொட்டும். இப்படிக் கொட்டிக் கொட்டி என்னைப் போன்ற உடம்பில் அது சொல்வதைத் தசைகள் காதில் வாங்குவதையே விட்டுவிடும். ஏறியது வேகமாக இறங்கும்போது மறுபடி பசிக்கும். சர்க்கரை போடவில்லை என்று அட்டையில் இருந்தாலும் உள்ளே இருப்பது அதே மாவுதான்.

"அப்ப இந்தப் பசி பொய்யாங்க?"

"பொய்யில்ல. நெசமாவே பசிக்கும். கைய எடுக்க விடாத மாதிரி உப்பு, இனிப்பு, எண்ணெய் எல்லாம் அளந்து போட்டுத்தான செய்யுறாங்க. நீங்க மட்டும் எப்புடித் தப்பிப்பீங்க?"

"சோறு திங்கலாங்களா?"

"சோறு மருந்துன்னு நான் சொல்லல. கொஞ்சமாத் திங்கணும். கூடவே காயி, பயறு, முட்டை, மீனு எது கெடைக்குதோ அது. மென்னு திங்கணும். உக்காந்து திங்கணும்."

மற்றதெல்லாம் எனக்குச் சரியாகப் பட்டது. உட்காருவதுதான்.

மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அக்கா அலமாரியில் வரிசையாக இருந்த டப்பாக்களையும் பாக்கெட்டுகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. உலையை வைத்தது. வெந்ததும் தட்டில் ஒரு பிடி சோறு, அதைவிட அதிகமாகப் புடலங்காய், இரண்டு துண்டு மீன்.

"உக்காரு."

உட்கார்ந்தேன். இரண்டு வாய் தின்றதும் தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

"எங்க எந்திரிக்கிற? தண்ணி பக்கத்துலதான் இருக்கு. ஒக்காந்து தின்னு."

தட்டு காலியாகும் வரை அக்கா எதிரிலேயே இருந்தது. போர்வெல் லாரியில் பாறைக்கு மேல் நின்ற நேரம்கூட இவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

அந்த வாரத்திலேயே அத்தான் கூப்பிட்டார். குரலில் சங்கடம் தெரிந்தது. கம்பெனியில் அவசரப்படுத்துகிறார்கள், உடனே ஆள் வேண்டும் என்றார். எனக்காக நிறுத்தி வைக்க முடியாது. "லைசென்ஸு உள்ள ஆளு, நம்பிக்கையான ஆளு யாராச்சும் இருந்தாச் சொல்லு மாப்ள."

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே தெருக்கோடி வரை நடந்தேன். திரும்பினேன். பங்காளியைச் சொன்னேன்.

பங்காளி அதே லேபில் கையை நீட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. என்னோடு உட்கார்ந்து, அதே பெட்டியில், நான் தின்றதையே தின்ற உடம்பு. எனக்கு அது தாங்கவில்லை. மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"ஒவ்வொரு ஒடம்பு ஒவ்வொரு மாதிரிங்க. அவருக்கு இன்னும் வெளிய தெரியாம இருக்கலாம். ஒங்க அப்பாவுக்கு சுகர் இருந்துச்சா?"

"அப்பா சுகர் பாக்குற வயசுக்கு முன்னாடியே போயிட்டாருங்க."

அவர் மாத்திரையை இன்னும் ஒரு மாதத்துக்கு எழுதினார்.

பங்காளி கிளம்பிய அன்று அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். புதுச் சட்டை, புதுப் பெட்டி. அத்தானுக்கென்று அக்கா கொடுத்த கருவாடும் பருப்புப் பொடியும் அதில் இருந்தன. கையில் தனியாக ஒரு பை. வழிக்குத் தின்ன சிப்ஸும் கேக்கும் கடையில் வாங்கியிருந்தார். ஒரு கேக்கை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாரு பங்காளி. நசுங்காத கேக்கு. நம்ம வாழ்க்கையில மொதத் தடவ."

"முழங்கை படாம வச்சிக்கங்க."

"ஒன்னு எடுத்துக்கயேன்."

வாங்கிக்கொண்டேன். பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து எதையோ சொன்னார், கேட்கவில்லை. பஸ் திரும்பிய பிறகும் நான் அங்கேயே நின்றேன். என் கால் போகவேண்டிய இடத்துக்கு வேறொருவர் போய்க்கொண்டிருந்தார். கேக்கைப் பிரித்துத் தின்றேன். நன்றாக இருந்தது, அதைப் பொய் சொல்வானேன். நாக்கு அடுத்தது கேட்டது. அடுத்தது கையில் இல்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

ஏஜென்சியில் இருக்கப் பிடிக்கவில்லை. புதுக்கோட்டையில் வேறொரு ஏஜென்சிக்குப் போய்விட்டேன். கீரனூர், குன்றாண்டார்கோவில் பக்கத்து லைன். வண்டியை நானே ஓட்டுகிறேன், சரக்கும் நானே போடுகிறேன். அதே சரக்குதான், கம்பெனிதான் வேறு. எனக்குத் தெரிந்த வேலை அதுதான். டேமேஜ் பெட்டியைப் பின்னால் சரக்கோடு போட்டுக் கதவைப் பூட்டிவிடுகிறேன். அப்படியும் சில நாள் இறங்கிப் போய்த் திறந்திருக்கிறேன். மத்தியானம் குன்றாண்டார்கோவிலில் பாறைக் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்துவேன். கட்டிக்கொண்டு வந்ததைப் பிரித்துத் தின்பேன். தின்கிற நேரத்தில் அக்கா போன் பண்ணும்.

"உக்காந்துட்டியா?"

"ம்."

"வண்டி சத்தம் கேக்குது."

"அது எங்கிட்டோ போற வண்டி. நான் உக்காந்துதான் இருக்கேன்."

பெரும்பாலும் அது உண்மைதான்.

சில மாதம் கழித்து அறந்தாங்கிக்கு வந்தபோது அதே லேபுக்குப் போனேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் வெளிநாடு போகிற பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டு வரிசையாக இருந்தார்கள். எழுந்து வெளியே போய்விட்டு வரலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. போகவில்லை. அந்த அம்மாவுக்கு என்னை ஞாபகம் இருந்தது. ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நல்லாக் கொறஞ்சிருக்குங்க. இப்ப தாராளமா திருச்சிக்குப் போகலாம்."

"போறதுக்கு விசா இல்லீங்க. அது வேற ஆளுக்குப் போயிருச்சு."

"அப்ப எதுக்குப் பாத்தீங்க?"

"பாக்கணும்போல இருந்துச்சுங்க" என்றேன்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் மீமிசல் பஸ் நின்றுகொண்டிருந்தது. எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை, ஆனாலும் கால் அங்கிட்டுத் திரும்பியது. அப்போதுதான் பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் தின்னாததால் வந்த பசி, வயிற்றில் ஒரே இடத்தில் நின்று கத்துகிற பழைய பசி. அக்கா வீடு எதிர்ப்பக்கம். கால் ஒரு பக்கம் இழுத்தது, பசி ஒரு பக்கம் இழுத்தது. இரண்டும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா உலை வைத்திருக்கும். பஸ் போகட்டும் என்று பசியின் பக்கம் நடந்தேன்.